பழைய வண்டியும் மூன்று அளவைகளும்

பழைய கார் வாங்குபவர், இன்னொருவர் அறிந்ததும் தாம் அறியாததுமான ஒன்றுக்கு விலை கொடுக்கிறார். வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எங்கே இடிபட்டது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பது விற்பவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்துகொள்ள வழி உண்டு. வாங்குபவர் முன்னால் கழுவித் துடைத்த வண்டி மட்டுமே நிற்கிறது. இந்த நிலையிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. கண்ணால் காணாத ஒன்றை மனிதன் எவ்வழியில் அறிகிறான்? அறிந்தவன் வாய் திறக்காமல் இருந்தால் அது பொய்யாகுமா? முதல் கேள்வியைத் தமிழ்ச் சமயங்கள் ‘அளவை’ என்ற தலைப்பில் ஆராய்ந்தன. இரண்டாவது, வாணிக அறம் பேசிய எல்லாச் சமயங்களுக்கும் உரியது. இரண்டையும் தனித்தனியே பேசுவதே வழக்கம் என்றாலும், பழைய வண்டி பேரத்தில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. வாங்குபவர் எதைத் தம் முயற்சியால் அறியவே முடியாதோ, அதைச் சொல்லும் கடமை விற்பவரைச் சேர்கிறது.

மூவாரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் சேரும் இடத்தில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து வடமேற்கு மூலையில் அமைந்த இந்த ஊருக்குப் பண்டார் மகாராணி என்ற பெயரும் உண்டு. 2012-இல் அரச நகரமாக அறிவிக்கப்பட்டது. மரத்தளவாடத் தொழிலுக்குப் பேர் போன ஊர். ரயில் இல்லை. பக்ரி தொழிற்சாலை வேலைக்கும், பாகோ கல்லூரிக்கும், பாரிட் ஜாவா மீன் சந்தைக்கும், ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ நடக்கும் உறவினர் கல்யாணத்துக்கும் சொந்த வண்டிதான் துணை. பாட்டி, தாத்தா, மூன்று பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருந்தால் ஐந்து இருக்கை போதாது. புது வண்டிக்கு வசதி இல்லாத குடும்பம் ஏழு பேர் அமரும் பழைய எஸ்யுவியைத் தேடத் தொடங்கும். பெரோடுவா அரூஸ், ஹோண்டா பிஆர்-வி, டொயோட்டா ரஷ் ஆகிய மூன்றும் அந்தத் தேடலில் முதலில் அகப்படும். அரூஸ் 2019 ஜனவரியில் 72,900, 77,900 வெள்ளி என்ற இரு விலைகளில் வந்தது: 1.5 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம், ஆறு ஏர்பேக். மூன்றாம் வரிசை தேவைப்படாதவர்கள் 2018 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70 பக்கம் திரும்புவார்கள். 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை கட்டாயம் என்பதால், அது எங்கே பொருந்தும், அதைப் பொருத்திய பின் பாட்டி எந்தக் கதவு வழியே ஏறுவார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வண்டியின் பெயர் முடிவானதும் அறிவின் சிக்கல் தொடங்குகிறது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி அறியும் வழிகளைப் பத்தாக எண்ணிச் சொல்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், அளவைகள் ஆறு என்றும் பத்து என்றும் பலவாறாகச் சொல்வாரைக் குறிப்பிட்டு, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது, அறிந்தவர் சொல்லக் கேட்பது. உயிரையும் இறைவனையும் பற்றிய விசாரணைக்காக வகுத்த இந்தப் பாகுபாடு, பழைய கார் விற்கும் இடத்தில் அப்படியே செல்லுபடியாகிறது.

காட்சி எளிது என்று தோன்றும். சைவ சித்தாந்த நூல்களோ காட்சியிலேயே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று குறையுள்ளவற்றைப் பிரித்துக் காட்டி எச்சரிக்கின்றன. ஒன்றை இன்னொன்றாகக் காண்பதே திரிவு. பளபளக்கும் எஞ்சின் அறையை நல்ல எஞ்சினாகக் காண்பது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நீராவியால் கழுவி, ரப்பர் குழாய்களுக்கு மெருகு பூசி நிறுத்தினால் எண்ணெய்க் கசிவின் தடம் கண்ணுக்குத் தெரியாது. மைலேஜ் மீட்டர் காட்டும் எண்ணும் அப்படித்தான். 60,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்ல, ஸ்டீரிங் தோல் வழுவழுத்து, பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு நைந்திருந்தால், கண்ட இரண்டு காட்சிகளே ஒன்றையொன்று மறுக்கின்றன. அங்கே காட்சி நின்றுவிடுகிறது. கருதலின் துணை தேவைப்படுகிறது.

கருதலுக்கு மணிமேகலை தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இங்கே வியக்கத்தக்க பொருத்தம் உடையது. ஆற்றில் வெள்ளம் வரக் கண்டவன், ஆற்றின் தலைப்பில் மழை பெய்தது என்று துணிகிறான். விளைவைக் கண்டு காரணத்தை அறியும் இந்த வகைக்கு எச்சம் என்று பெயர். மூவாரில் பழைய வண்டி பார்ப்பவர் வெள்ளத்தைக் காண்பதில்லை. வெள்ளம் விட்டுச் சென்றதைக் கண்டு, வெள்ளம் வந்தது என்று துணிய வேண்டியிருக்கிறது. 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளங்களும் 2023 மார்ச் வெள்ளமும் ஜொகூர் மறக்காதவை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் கணக்கற்ற கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்த ஊரிலேயே வண்டி விலை போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க மேலோட்டமான பார்வை உதவாது. சீட் பெல்ட்டை முழுவதுமாக, அது நிற்கும் வரை இழுக்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். உருளைக்குள் சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் மண்நிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடினால், நீர் அந்த உயரம் வரை நின்றது என்று அர்த்தம். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஸ்பேர் டயர் பள்ளத்தின் மூலை, முன்கண்ணாடிக்குக் கீழே விரல் மட்டும் நுழையும் இடுக்கு ஆகியவற்றில் மென்மையான வண்டல் படிந்திருக்கும். வாசனைப் புட்டியை எடுத்துவிட்டு, ஜன்னல்களை ஏற்றி, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தித் திறந்தால் புழுங்கிய நாற்றம் தானே வெளிவரும். பெரிய விபத்துக்கும் இதே முறைதான். பானட் கீல்களின் போல்ட் தலையில் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தால் ஒருமுறையாவது அதைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், இது ஐயத்துக்கு இடம் தரும் அடையாளமே தவிர முடிந்த தீர்ப்பு அன்று. வண்டியைத் தூக்கி அடிச்சட்டத்தின் வெல்டிங் தடத்தைப் பார்த்த பிறகே துணிவு வரும்.

அளவைவாதியின் பட்டியலில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது. இந்த மரத்தில் தெய்வம் உண்டு என்று ஊரார் சொல்ல, அதை அறிவாக ஏற்பது ஐதிகம். “டொயோட்டா கெடவே கெடாது”, “சீன எஞ்சின் நிலைக்காது”, “ஹோண்டாவை விற்றால் போட்ட காசு திரும்பும்” என்ற பேச்சுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் உண்மையே இல்லை என்று தள்ள முடியாது. பலருடைய பட்டறிவு ஊர்ப்பேச்சாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஊர்ப்பேச்சு ஒரு வகையைப் பற்றியது, வாங்கப்படுவது ஒரு தனி வண்டி. பராமரிக்காத டொயோட்டாவை விட, உரிய நாளில் கியர் எண்ணெய் மாற்றப்பட்ட வேறொரு வண்டி நீண்ட நாள் ஓடும். அரூஸின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பழைய வகை, அதனால் பழுது பார்ப்பது எளிது என்பது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும் செய்தி. எதிரே நிற்கும் அரூஸின் எண்ணெய் மாற்றப்பட்டதா என்பதை அந்தச் செய்தி சொல்லாது. எக்ஸ்70 தொடக்கத்தில் சீனாவிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியாகி ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குடன் வந்தது. 2020 முதல் உள்நாட்டில் பொருத்தப்பட்டவற்றில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். ஒரே பெயருக்குள் இரண்டு வண்டிகள் இருக்கும்போது, பெயரை நம்புவது எவ்வளவு மேம்போக்கானது என்பது விளங்கும்.

காட்சியும் கருதலும் தொட முடியாத இடத்தில் உரை தேவைப்படுகிறது. யார் உரையை நம்புவது? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சியாயனர், நம்பத்தக்கவனுக்கு இரண்டு தகுதிகள் வைக்கிறார்: பொருளைத் தான் நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சொல்கிறார். பிறப்பை வைத்து நம்பிக்கையை அளந்த காலத்தில் எழுந்த இந்த வாக்கியத்தின் துணிவை இன்றைக்கும் போற்ற வேண்டும். மூவாரில் ஒரு தமிழ்க் குடும்பம் “நம்ம ஆள்தானே” என்று வண்டி வாங்கி ஏமாறுவது உண்டு. சீனர் பட்டறையில் காசு கொடுத்துச் சோதித்ததால் தப்புவதும் உண்டு. அறிந்திருக்கிறாரா, மறைக்க அவருக்குக் காரணம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்குமே இனம் விடை ஆகாது. விற்பனையால் ஆதாயம் அடையாத மெக்கானிக், முந்தைய உரிமையாளர் வண்டி விட்ட பட்டறையின் பதிவு, தேதியும் மைலேஜும் எழுதிய ரசீதுகள் ஆகியவை இந்த அளவுகோலில் நிற்கும். விற்பவரே அழைத்து வரும் மெக்கானிக் நிற்க மாட்டார்.

அரசு வழியாகக் கிடைக்கும் உரை, வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் அறிக்கை. உரிமை மாற்றத்துக்கு பி5, தவணைக் கொள்முதலுக்கு பி7 என்று சோதனைகள் உண்டு. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, வண்டி சட்டப்படி கை மாறத் தகுதி உடையதா என்பதற்கு அது நல்ல சான்று. திருட்டு வண்டியையும் ஒட்டு வண்டியையும் வடிகட்டுவது சிறிய பணி அன்று. கியர்பாக்ஸ் இன்னும் மூன்று வருடம் தாங்குமா என்று சோதனை கேட்கவில்லை, ஆகவே சொல்லவும் இல்லை. கேட்காத கேள்விக்கு அந்தத் தாளில் விடை தேடுவது வாங்குபவரின் பிழை.

இனி இரண்டாவது கேள்வி. சொல்லாமல் விடுவது பொய்யா? கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இந்த வழக்கு விரிவாக வருகிறது. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வணிகன் ஒருவன் வந்து சேர்கிறான். பின்னால் வேறு கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை சரியும். சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதில் மௌனம் மறைப்பு ஆகாது என்பது தத்துவஞானி பாபிலோன் தியோஜெனஸின் கட்சி. வாங்குபவர் அறியாதது எதையும் விற்பவர் தமக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்னொரு தத்துவஞானியான தார்சஸ் அந்திபாதரின் கட்சி. குடியிருக்கத் தகாத வீட்டை விற்பவன் வழக்கும் அங்கேயே வருகிறது. சிசரோ இரண்டிலும் அந்திபாதர் பக்கம் சாய்கிறார்.

இரண்டு வழக்கும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் கப்பல்களை ரோட்ஸ் மக்கள் நாளைக்குக் கண்ணால் காண்பார்கள்; தானியத்திலும் குறை இல்லை. மறைக்கப்பட்டது சந்தைச் செய்தி. வீட்டின் கேடும் வண்டியில் ஏறிய வெள்ளமும் வாங்கிய பொருளுக்குள்ளேயே இருந்து, வாங்கியவரையும் அவர் பிள்ளைகளையும் தாக்குபவை. ஆகவே மௌனத்தை அளக்க ஓர் ஒழுங்கு தேவை. முன்பக்கக் கீறலை வாங்குபவர் காண்கிறார். அதை விற்பவர் எடுத்துச் சொல்லாதது குற்றமாகாது. பெயிண்ட் மாறுபாட்டை மெக்கானிக் கருதி அறிவார். அவரை அழைத்து வரும் பொறுப்பு வாங்குபவருடையது, அவரைச் சோதிக்க விடாமல் தடுப்பது விற்பவரின் குற்றம். எஞ்சின் ஒருமுறை சூடேறி நின்றது, கியர்பாக்ஸ் கணினியின் எச்சரிக்கையை அழித்துவிட்டு நிறுத்தியிருப்பது போன்றவை எந்தச் சோதனையிலும் அகப்படாமல் போகலாம். அங்கே விற்பவரின் உரை ஒன்றே அளவை. வேறு எந்த வழியிலும் பிறர் அறிய முடியாததை மௌனத்தால் மூடுவது, அறிவுக்கு எஞ்சிய ஒரே கதவை அடைப்பது. அதைப் பொய்யிலிருந்து பிரிக்க நியாயம் எதுவும் இல்லை.

மலேசியாவில் பெரும்பான்மையோரின் சமயமான இஸ்லாம் இதை மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஹதீஸில் வருகிறது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொல்ல, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நபிகள் கண்டித்தார். அங்கே வாயால் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. காய்ந்தது மேலே, நனைந்தது கீழே என்ற அடுக்கே பொய்யானது. குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் வாங்கியவருக்கு அளித்தது. தமிழில் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பழிக்கு அஞ்சும் நடுநிலையாளர் என்று புகழ்கிறது. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலின் அளவைப் பற்றியது. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று முடிவதால், மறைத்த குறைக்கும் அது பொருந்துகிறது. தன் பிள்ளையை ஏற்றத் தயங்கும் வண்டியைப் பிறர் பிள்ளைக்கு விற்க அந்தக் குறள் இடம் கொடாது.

மலேசியச் சட்டத்திலும் இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் சில விலக்குகளோடு, வாங்குபவரே விழிப்பாக இருக்கட்டும் என்ற பக்கம் நிற்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வாகனம் உட்பட வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது; அதே சட்டம், விற்பதற்கு முன்பே குறையை எடுத்துக் காட்டியிருந்தால் அந்தக் குறைக்காக வணிகரைப் பிடிக்க முடியாது என்றும் சொல்கிறது. உண்மை சொன்னவருக்குச் சட்டமே காப்பு அளிக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். பட்ஜெட் வண்டி வாங்கும் குடும்பத்துக்கு இந்த வரம்பு பெரும்பாலும் போதும்.

விற்பவருக்கே தெரியாத குறைக்கு என்ன சொல்வது? தக்காத்தா நிறுவனம் செய்த ஏர்பேக் இதற்கு வலுவான வழக்கு. ஏர்பேக்கை ஊதும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் இருந்து சீர்கெட்டு, விபத்தின்போது உலோகக் கூட்டைச் சிதறடிக்கும். 2014-இல் சரவாக்கின் சிபுவில் கர்ப்பிணி ஒருவர் இப்படி உயிரிழந்தார். பழைய ஹோண்டா சிஆர்-வி மாடல்கள் சிலவும் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உண்டு. மாற்றித் தருவது இலவசம். ஆனால் மூன்று நான்கு கை மாறிய வண்டிக்கு நிறுவனத்தின் கடிதம் போய்ச் சேராது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்தால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாத வணிகர் “எனக்குத் தெரியாது” என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். அது குற்றமற்ற அறியாமை ஆகாது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பதும், முந்தைய உரிமையாளரிடம் கேள்வி கேட்காமல் ஏலத்தில் எடுப்பதும் இதே வகை. தெரிந்தால் சொல்ல வேண்டிவரும் என்பதற்காகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பவர், தெரிந்தே மறைப்பவரோடு வைத்து எண்ணப்பட வேண்டியவர்.

கடினமான வழக்கு இன்னொன்று உண்டு. விபத்தில் ஒருவர் இறந்த வண்டி, முறையாகச் சீர்செய்யப்பட்டு, இயந்திரத்தில் குறையில்லாமல் விற்பனைக்கு நிற்கிறது. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து, கோயில் வாசலில் பூசை செய்து வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு அந்த மரணம் பெரிய செய்தி. தோஷம் என்பார்கள். சைவ சித்தாந்தப்படி வினை உயிரைச் சார்ந்தது. இரும்பு வினை ஈட்டுவதில்லை, தாங்குவதும் இல்லை. அந்தக் கணக்கில் வண்டிக்குத் தோஷம் கிடையாது, ஆகவே சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று விற்பவர் வாதிடலாம். இந்த வாதம் நிற்காது. எது பொருட்டு, எது பொருட்டன்று என்று முடிவு செய்பவர் வண்டியில் ஏறப்போகும் குடும்பம். அவர்களுக்காக விற்பவர் சித்தாந்தம் பேசி முடிவெடுக்க முடியாது. இந்தச் செய்தியைக் காட்சியும் தராது, கருதலும் தராது. ஆகவே சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு, வினை இரும்பைப் பற்றாது என்று தெளிந்து, குறைந்த விலையில் வாங்குவதும் அந்தக் குடும்பத்தின் உரிமை. பூசை அந்தத் தெளிவுக்குத் துணை செய்யலாம். தேய்ந்த பிரேக்குக்கு மாற்றாகப் பூசையை எண்ணுவது மட்டும் சமயத்துக்கும் பொருந்தாது.

இவ்வளவு பொறுப்பும் விற்பவர் தலையில் மட்டும் ஏறுவதில்லை. 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் எழுதிய பொருளாதாரக் கட்டுரை பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாதபோது இரண்டுக்கும் நடுத்தர விலையே தருகிறார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க யாரும் முன்வருவதில்லை. சந்தையில் கெட்டவை மிஞ்சுகின்றன. குறையைச் சொல்பவரிடம் விலையை அடித்துக் குறைத்துவிட்டு, சொல்லாதவரிடம் முழு விலை கொடுக்கும் ஊரில் உண்மை சொல்பவர் கடையை மூடுவார். உண்மையாகச் சொன்ன குறைக்கு அதைச் சீர்செய்யும் செலவு அளவுக்கே விலை குறைத்துக் கேட்பது வாங்குபவரின் அறம். சந்தை விலையை விடப் பத்தாயிரம் வெள்ளி குறைவாக வண்டி கிடைக்கும்போது காரணம் கேட்காமல் சாவியை வாங்குபவரும், தெரிந்துகொள்ள மறுப்பவர் வரிசையில் சேர்கிறார்.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் அரசன் ஆட்களைத் தேர்வதைப் பற்றியது. அப்பழுக்கற்றவர் கிடைப்பது அரிது, குணத்தையும் குற்றத்தையும் நாடி மிக்கதைக் கொள்க என்பது அதன் நெறி. பத்து வருட எஸ்யுவியிலும் குற்றமில்லாதது இல்லை. தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ், வலுவிழந்த பேட்டரி, சத்தமிடும் ஏர்கான் கம்ப்ரெசர் ஆகியவற்றோடு குடும்பம் நடத்தலாம்; செலவு முன்கூட்டியே தெரியும். வளைந்த சேசிஸ், நீர் குடித்த மின்கம்பிகள், மாற்றாத தக்காத்தா ஏர்பேக் ஆகியவற்றோடு நடத்த முடியாது. தவணை, சாலை வரி, காப்புறுதி போகக் கையில் பழுதுச் செலவுக்கு ஒரு தொகை மிஞ்சும்படி வண்டியின் விலையைத் தேர்வது, நம்பகத்தின் ஒரு பாதி. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. சோதித்து வாங்கிய பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கம் இழப்பவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வழக்கு மீதம் உள்ளது. ஏமாந்து வாங்கியவர், தெரிந்த பிறகு, அதே குறையை மறைத்து அடுத்தவருக்கு விற்கலாமா? இழந்ததை மீட்கும் நியாயம் தம்மிடம் இருப்பதாக அவருக்குத் தோன்றும். அந்த நியாயம் அவரை ஏமாற்றியவர் மேல் மட்டுமே செல்லும். புதிதாக வாங்க வந்தவர் அவருக்கு எந்தக் கடனும் படவில்லை. ஏமாற்றியவர் வணிகர் என்றால் வழி தீர்ப்பாயம். அங்கே போக முடியாத நிலை என்றால் நட்டத்தை அவரே ஏற்க வேண்டியிருக்கிறது. இது கடுமையான முடிவுதான். அவர் வண்டியை விற்கும் நாளில் கோப்பில் இருக்க வேண்டியவை: பட்டறை ரசீதுகள், ஏர்பேக் மாற்றியதற்கான தாள், தாம் வாங்கிய பின் தெரியவந்த குறைகளின் பட்டியல், அவற்றில் எவை சீரானவை, எவை அப்படியே இருக்கின்றன என்ற குறிப்பு. வாங்குபவர் அதைப் படித்துக் கையெழுத்திட்டு ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.